ஆறாம் எண்ணின் சுவர்

மார்ச் 4, செவ்வாய்

கிருமிகளைப் பிசினில் பதித்த கட்டிகளில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியதை இன்று சீவி முடித்தேன். வைரக்கத்தி மூன்றாவது தடவைதான் வழிக்கு வந்தது. சீவல்கள் தண்ணீரில் வெள்ளி நிறத்தில் மிதந்தன. அந்த நிறம் வந்தால்தான் தேவையான மெல்லிசு. செம்புச் சல்லடையில் அள்ளி, மதியம் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். முப்பது பாக்டீரியா, ஒவ்வொன்றின் சுவரையும் நான்கு இடத்தில் அளக்க வேண்டும். கண் பூத்துப்போயிற்று.

எல்லாம் ஒரே ஆளுடையவை. பஸ் டிரைவர், ஐம்பத்திரண்டு வயது, இதய வால்வில் கிருமி. எங்கள் ஆராய்ச்சிக் கட்டடத்தை ஒட்டிய ஆஸ்பத்திரியில் ஒன்பது வாரத்துக்கு மேல் கிடந்து போன நவம்பரில் இறந்தார். வாரம் ஒரு தடவை அவர் இரத்தத்திலிருந்து பிரித்த கிருமி ஒன்பது குப்பியாக எங்களிடம் வந்தது. வான்கோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து ஏற ஏற, அதற்கு மசியாமல் இவை சுவரைத் தடித்துக்கொண்டே போயிருக்க வேண்டும் என்பது பேராசிரியரின் கணிப்பு. எது எந்த வாரத்து மாதிரி என்று அளக்கிறவளுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் ஆசை கண்ணில் ஏறி அளவைக் கெடுத்துவிடும். அதற்குத்தான் எண்ணை மறைத்து நிற ஸ்டிக்கர்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணியின் விசாரணை. "என்ன பூதக்கண்ணாடி, இன்னிக்கு எத்தனை பேரைப் பாத்தே?"

"முப்பது பேர்."

"நான் முப்பத்தஞ்சு. உன் ஆளுங்க ராத்திரி பகல்னு கத்த மாட்டாங்க. குடுத்து வெச்சவ."

அண்ணி அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ், பதினெட்டு வருஷமாக. அண்ணன் கல்யாணம் ஆன மறுவாரமே எனக்கு இந்தப் பட்டப்பெயர் வைத்தாள். அவள் வைத்ததால் கோபம் வரவில்லை.

மார்ச் 6, வியாழன்

ஸ்டிக்கர்களைப் பிரித்தோம். முதல் எண்ணில் சுவர் இருபத்தொரு நானோமீட்டர். அப்புறம் ஏறுமுகம்தான், ஐந்தாம் எண்ணில் முப்பத்துமூன்று. ஏழாவது முப்பத்தைந்து. எட்டும் ஒன்பதும் அதற்கும் மேல். படத்தில் பார்த்தாலே தெரிகிறது, அடிப்பிடித்த பாத்திரத்தின் கரை மாதிரி கறுத்துத் தடித்த வளையம்.

நடுவில் ஆறாம் எண் மட்டும் இருபத்துமூன்று. பச்சை ஸ்டிக்கர். ஒல்லியாக, ஒன்றுமே நடக்காதது போல.

பேராசிரியர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டார். மருந்து வேலை செய்ய வேண்டிய இடம் சுவரின் உள்பக்கம். சுவர் தடித்தால் மருந்து வெளி அடுக்குகளிலேயே சிக்கிக்கொள்ளும், உள்ளே போய்ச் சேராது. ஆனால் தடித்த சுவரைக் கட்டிச் சுமப்பது கிருமிக்கும் பெரிய செலவு. மருந்து நின்றால் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்துவிடும். "அப்படின்னா ஆறாவது வாரம் அந்த மனுஷனுக்கு மருந்தே போகல" என்றார். "சுவரே சாட்சி சொல்லுது பாருங்க."

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. என் முப்பது செல்கள், என் அளவு. ஒளிப்பானேன்.

மார்ச் 7, வெள்ளி

ஆஸ்பத்திரியிலிருந்து ஆறாவது வாரத்து மருந்துச் சீட்டின் நகல் வந்தது. காலை எட்டு, மாலை எட்டு. ஒரு வேளைகூட விடாமல் "கொடுக்கப்பட்டது" என்று கையெழுத்து. ஏழு நாளும் ஒரே கை, ஒரே மை, ஒரே சாய்வு. பேராசிரியர் விரலால் தட்டினார். "உக்காந்து மொத்தமாப் போட்ட கையெழுத்து இது. மருந்து போட்டிருந்தா இவ்வளவு ஒழுங்கா இருக்காது."

அந்தக் கையெழுத்தை நான் மாதாமாதம் பார்க்கிறேன். அண்ணன் மகள் குட்டியின் ரிப்போர்ட் கார்டில், பெற்றோர் என்ற இடத்தில்.

அது அண்ணியின் கை என்று பேராசிரியரிடம் சொல்லவில்லை. சொன்னால், "உறவுக்காரி அளந்தது" என்று முழு வேலையும் குப்பைக்குப் போய்விடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம்தான். இல்லையா?

மார்ச் 10, திங்கள்

கேட்டுவிடுவது என்று நினைத்துத்தான் சமையலறைக்குப் போனேன். அண்ணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"போன செப்டம்பர்ல வார்டுல பாதிப் பேருக்குக் காய்ச்சல்னு ரெண்டு ஷிஃப்டும் பாத்தீங்களே, அப்ப ரொம்பக் கஷ்டமா?"

"நின்னுக்கிட்டே தூங்கினேன். ஏன் கேக்கறே?"

"சும்மா."

நின்றுகொண்டே தூங்கினாளாம். அதை மட்டும் பிடித்துக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டேன். கேட்க வந்ததைக் கேட்கவே இல்லை.

மார்ச் 12, புதன்

பேராசிரியர் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளருக்குக் கடிதம் அனுப்பிவிட்டார். இணைப்பு: படங்கள் இரண்டு, வரைபடம் ஒன்று. தட்டச்சுப் பிழை பார்த்துக் கொடுத்தது நான்.

மார்ச் 19, புதன்

விசாரணை நடந்தது. மூன்று பேர் உட்கார்ந்து கேட்டார்களாம். அண்ணி வேலை முடிந்து வந்து, சீருடைகூட மாற்றாமல் நேராக என் அறைக்கு வந்தாள். வாசலில் நின்றாளே தவிர உள்ளே வரவில்லை.

"கையெழுத்து மொத்தமாத்தான் போட்டேன். ஷிஃப்ட் முடியறப்போ எல்லாரும் அப்படித்தான் போடுவோம், முப்பத்தஞ்சு பேருக்கு ஓடிக்கிட்டு எங்க எழுதறது? ஆனா மருந்து மொத்தமாப் போடல. வேளைக்கு வேளை போட்டேன்."

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

"ஒரு படம் காட்டினாங்க. கறுப்பு வெள்ளையில வட்டவட்டமா. கீழே ஓரத்துல எடுத்தவங்க பேரு பொடி எழுத்துல இருந்துச்சு." என்னையே பார்த்தாள். "உன் பேரு."

"அண்ணி, நான் அளந்தப்போ யாருன்னு தெரியாது."

"அப்புறம் தெரிஞ்சுதே."

போய்விட்டாள். குழாயைத் திறந்து ரொம்ப நேரம் முகம் கழுவும் சத்தம் கேட்டது.

மார்ச் 20, வியாழன்

அண்ணியை வார்டிலிருந்து எடுத்துத் துணி ஸ்டோருக்குப் போட்டுவிட்டார்கள். இனி போர்வை, தலையணை உறை, எண்ணிக்கை, சலவை. நோயாளி யாரையும் தொடக்கூடாது.

அண்ணன் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஊர்ல என்ன பேசுவாங்க தெரியுமா? நாத்தனார் வேலையைக் காட்டிட்டான்னு." கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவன் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். எது பழுதானாலும் முதலில் தான் செய்ததைத்தான் சரிபார்ப்பான். அதையும் சொன்னான். "நீ செஞ்சதைப் பாத்தியா முதல்ல?"

பார்த்தேன் என்றேன். நூற்றிருபது அளவு, இரண்டு தடவை கூட்டிக் கழித்துப் பார்த்தேன். சுவர் பொய் சொல்லாது, அண்ணா.

அதைச் சொல்லும்போது என் குரல் பேராசிரியரின் குரல் மாதிரி இருந்தது.

ஏப்ரல் 2, புதன்

டிரைவரின் மனைவி எங்கள் கட்டடத்துக்கே வந்துவிட்டார். விசாரணை முடிவைக் கடிதமாக அனுப்பியிருக்கிறார்கள். அதில் எங்கள் துறையின் பெயர் இருந்ததாம். தைக்கிறவர். விரலில் ஊசி குத்திய புள்ளிகள். படத்தைப் பார்க்க வேண்டும் என்றார். காட்டாமல் அனுப்ப மனசு வரவில்லை.

திரையில் ஏழாம் எண்ணை வைத்தேன். வெகு நேரம் பார்த்தார்.

"இதுவா? இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாங்க."

"வட்டமா, அழகா இருக்கே."

பிறகு சொன்னார்: "காலையில ஒன்பதுக்குத்தான் உள்ளே விடுவாங்க. சாயங்காலம் ஏழரைக்கு வெளியே அனுப்பிடுவாங்க. மருந்து மாட்டறதை நான் ஒரு நாளும் பாக்கல. நான் போறப்போ காலிப் பை தொங்கிக்கிட்டிருக்கும். அதைப் பாத்து, ஆச்சு, இன்னிக்கும் போயிடுச்சுன்னு நினைச்சுக்குவேன். பாவி, வெறும் பையைத் தொங்கவிட்டிருக்கா."

காலிப் பை இருந்திருக்கிறது. அடுத்த நிமிஷமே, அது வெறும் உப்புத் தண்ணீர்ப் பையாக இருக்கலாமே என்று மூளை பதில் தயாரித்துவிட்டது. என் மூளை அப்படி, வேண்டாததை ஒதுக்கி வைப்பதில் கெட்டிக்காரி.

போகும்போது அவர் கேட்டார், "அது இன்னும் இருக்கா? உயிரோட?"

இருக்கிறது என்றேன். மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில், உறைந்து. வேண்டும்போது எடுத்து வளர்க்கலாம். அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் வீட்டுக்காரர் மண்ணுக்குள். அவரைக் கொன்றது என் பெட்டியில் பத்திரமாக.

ஏப்ரல் 3, வியாழன்

டீக் கோப்பையின் அடியில் வளையம். பாதாளச் சாக்கடை மூடியில் வளையம். தடித்ததா, மெலிந்ததா என்று கண் தானாக அளக்கிறது.

ஏப்ரல் 21, திங்கள்

அண்ணி இப்போது என்னைப் பூதக்கண்ணாடி என்று கூப்பிடுவதில்லை. ஒன்றும் சொல்லியே கூப்பிடுவதில்லை. குட்டியிடம், "அத்தைக்குச் சாப்பாடு ஆச்சான்னு கேளு" என்கிறாள். நான் அங்கேயேதான் நிற்கிறேன்.

மைக்ராஸ்கோப் அறையில் பட்டப்பகலிலும் விளக்கை அணைத்துத்தான் வேலை. இன்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருந்தது. பயம் என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் பின் சீட்டில் ஆள் இருப்பது திரும்பாமலே தெரியுமே, அப்படி. அந்த மனுஷரை நான் பார்த்ததே இல்லை. அவர் முகம் எனக்குத் தெரியாது. அவர் இரத்தத்தில் இருந்தவற்றில் இருநூற்றெழுபது முகம் தெரியும். திரும்பிப் பார்த்தேன். நாற்காலியில் என் பைதான் இருந்தது.

மே 14, புதன்

கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பியிருந்தோம். படித்துப் பார்த்தவர்களில் ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். யாரென்று தெரியாது, தெரியவிடவும் மாட்டார்கள். ஒன்பது கேள்வியில் நாலாவது: ஒவ்வொரு மாதிரியும் உறையவைக்கும் முன் மருந்து இல்லாத வளர்ப்புத் தட்டில் எத்தனை முறை மாற்றி வளர்க்கப்பட்டது?

"எல்லாம் ஒரு தடவைன்னு எழுதிடுங்க" என்றார் பேராசிரியர். வந்த அன்றே உறையவைப்பதுதான் வழக்கம். எழுதப் போனேன். கை நின்றது. போன செப்டம்பரில் ஃப்ரீசர் கெட்டுப்போய்க் கிடந்ததே?

ஆய்வக நோட்டில் ஒன்றுமில்லை. சோதனையை எழுதுவோம். கிருமி சாகாமல் இருக்கத் தட்டு மாற்றுவதை யாரும் எழுதுவதில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றியதைக் கணக்கு வைப்பதில்லையே, அது போல. நான் வேலை கற்ற நாளிலிருந்து அப்படித்தான்.

வீட்டுக்கு ஓடி வந்து போன வருஷத்து டைரியை எடுத்தேன். என் கையெழுத்து, என் தலையெழுத்து.

திங்கள்: ஃப்ரீசர் போயிற்று, பழைய குப்பிகளைப் பக்கத்துத் துறை ஃப்ரீசரில் ஓர் அடுக்கு கடன் வாங்கி வைத்தேன், இடம் நிறைந்துவிட்டது. மறுநாள்: டிரைவரின் ஆறாம் எண் வந்தது, வைக்க இடமில்லை, தட்டிலேயே வளர்க்கிறேன். அடுத்த வாரம்: ஏழாம் எண்ணுக்கும் இனி வரும் எண்களுக்கும் மட்டும் பக்கத்துத் துறைக்காரர் முனகிக்கொண்டே இடம் விட்டார். அப்புறம் வரிசையாக, இரண்டு நாளுக்கு ஒரு தடவை: ஆறைத் தட்டு மாற்றினேன், நலம். ஆறைத் தட்டு மாற்றினேன், நலம். ஃப்ரீசருக்குப் புது மோட்டார் வரும்வரை முப்பது நாள். பதினைந்து தடவை. எல்லாம் மருந்தே இல்லாத வெறும் தட்டில்.

மருந்து நின்றால் இளைத்துவிடும். மருந்தை நிறுத்தினது யாரு?

நான்தான். நான்தானா?

மே 15, வியாழன்

இன்றே சொல்லியிருக்க வேண்டும். அண்ணி காலையில் எதிரில்தான் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டாள்.

ஆனால் என்ன சொல்வது? "நானாக இருக்கலாம்" என்றா? ஒரு தடவை அரைகுறையாகச் சொல்லித்தான் இவ்வளவும் ஆயிற்று. ஆறின் அசல் வேறு எங்கும் இல்லை. ஆஸ்பத்திரி லேபில் போன் பண்ணிக் கேட்டேன், மூன்று மாதத்தில் அழித்துவிடுவார்களாம். செய்து பார்க்க ஒரே வழிதான். ஐந்தாம் எண்ணை எடுத்து, ஒரு பாதியை மருந்துள்ள தட்டிலும் இன்னொரு பாதியை வெறும் தட்டிலும் பதினைந்து தடவை மாற்ற வேண்டும். வெறும் தட்டுக்காரன் இளைத்தால் ஆறும் என் கையில்தான் இளைத்தது. முப்பது நாள் ஆகும். பேராசிரியரிடம் கேள்விக்குப் பதில் எழுத அவகாசம் கேட்டேன், ஏன் என்று சொல்லாமல்.

உறுதியானதும் சொல்கிறேன். அதுதான் முறை.

முறையா, பயமா?

மே 19, திங்கள்

இரண்டாவது மாற்றம். இரண்டு தட்டும் நலம்.

மே 23, வெள்ளி

நான்காவது. துணி ஸ்டோரில் தூசி. அண்ணிக்கு இருமல்.

மே 29, வியாழன்

ஏழாவது மாற்றம்.

சாயங்காலம் அண்ணி ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வந்தாள். பதினெட்டு வருஷம். "போர்வை எண்ணத்தான் நான் படிச்சேனா?" என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "வார்டுப் பக்கம் போனா சின்னப் பொண்ணுங்க எல்லாம் பேச்சை நிறுத்துதுங்க."

நான் படியில் நின்றுகொண்டு, "ஒரு ரெண்டு வாரம் பொறுத்துக் குடுத்திருக்கலாமே அண்ணி" என்றேன். எத்தனை நாளைக்கப்புறம் நேராக ஒரு வார்த்தை.

"எதுக்கு?"

சொல்லுடி. சொல்லித் தொலையேன்.

"சும்மாதான்."

மென்று முழுங்கிவிட்டு மாடி ஏறினேன். எவ்வளவு மோசமானவள் நான். கிருமிக்கு முப்பது நாள் கொடுக்கத் தெரிகிறது, அந்த மனுஷிக்கு ஒரு வாக்கியம் கொடுக்கத் தெரியவில்லை.

ஜூன் 6, வெள்ளி

பதினொன்று. வெறும் தட்டில் வளர்கிறவை சீக்கிரமாகப் பெருகுகின்றன. பாரம் இறக்கி வைத்தவன் நடை.

ஜூன் 13, வெள்ளி

ராஜினாமாவை ஏற்றுக்கொண்டு கடிதம் வந்துவிட்டது. இன்றோடு சரி. அண்ணி சீருடைகளைத் துவைத்து, மடித்து, பையில் போட்டு வைத்தாள். நாளை பதினைந்தாவது மாற்றம்.

ஜூன் 20, வெள்ளி

யாரிடமும் காட்டாமல் நானே சீவி, நானே அளந்தேன். எது எந்தத் தட்டு என்று தெரியாமல் இருக்கக் கட்டிகளைக் குலுக்கிப்போட்டேன். பழக்கம் விடவில்லை.

மருந்துத் தட்டு: முப்பத்துமூன்று. வெறும் தட்டு: இருபத்துநான்கு.

விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை பின்னால் யாரும் இல்லை. அவரும் போய்விட்டார் போல. அழுகைகூட உடனே வரவில்லை.

ஜூன் 21, சனி

பேராசிரியர் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கெட்டவர் இல்லை. முதலில், "ஐயோ, அந்த நர்ஸ்" என்றுதான் சொன்னார். அப்புறம்தான், "ஆறை எடுத்துடலாம். எட்டு மாதிரியே போதும், கட்டுரை நிக்கும். ஒரு அடிக்குறிப்புல சொல்லிடலாம்."

"அடிக்குறிப்பு அவங்களைத் திரும்ப வேலைக்குச் சேர்க்குமா சார்?"

"அவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எங்க அண்ணி."

கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "முதல்லயே ஏம்மா சொல்லல?" அதற்கு என்னிடம் முன்பு நல்ல காரணம் இருந்தது. இன்று தேடினேன், அகப்படவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அண்ணி கூடத்தில் உட்கார்ந்து ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். ஃப்ரீசர், தட்டு, பதினைந்து தடவை, முப்பத்துமூன்று, இருபத்துநான்கு என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். நடுவில் குறுக்கிடவில்லை. நோயாளி சொல்வதைக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"எப்போ தெரிஞ்சுது?"

"மே பதினாலு."

சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். "நான் லெட்டர் குடுத்தது இருபத்தொன்பது."

"உறுதியாத் தெரியாம சொல்லக்கூடாதுன்னு..."

"என்னைப் பத்தி எழுதி அனுப்பினப்போ உறுதியாத் தெரிஞ்சுதா?"

பேனாவை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னாள். "ஒரு வார்த்தை. ‘அண்ணி, நீங்க போட்டீங்களா’ன்னு ஒரு வார்த்தை. சமையல்கட்டுல வந்து நின்னியே அன்னிக்கு, அப்பவே எதுக்கோ வந்திருக்கேன்னு தெரியும். நீ கேப்பேன்னு காத்துக்கிட்டு இருந்தேன். கிருமிகிட்ட நாலு நாலு தடவை கேட்டிருக்கே. என்கிட்ட ஒரு தடவை கேக்கல."

"தப்புதான் அண்ணி. மன்னிச்சிடுங்க."

"ம்."

பேனாவைத் திரும்பத் திறந்து எழுத ஆரம்பித்தாள். முன் அனுபவம் என்ற இடத்தில் பதினெட்டு என்று போட்டாள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அண்ணி எழுந்து போகவில்லை, கிட்டேயும் வரவில்லை.

ஜூன் 23, திங்கள்

கண்காணிப்பாளருக்கு நானே கடிதம் எழுதிக் கையில் கொடுத்தேன். மூன்று பக்கம். பூசி மெழுகவில்லை. கையெழுத்துக்குக் கீழே உறவுமுறையையும் எழுதினேன்.

ஜூன் 28, சனி

டிரைவரின் மனைவி வீட்டுக்குப் போனேன். முன்னறையில் தையல் மெஷின், மேலே பாதி தைத்த பள்ளிச் சட்டை. விஷயத்தைச் சொன்னதும் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டார்.

"அந்தம்மா மருந்து போட்டாங்களா அப்ப?"

"போடலைன்னு சொல்ல ஒரு ஆதாரமும் இல்லீங்க. நீங்க பாத்த காலிப் பை மருந்துப் பைதான்னு நான் நம்பறேன். நான் செஞ்ச தப்பாலதான் அப்படித் தெரிஞ்சுது."

"மருந்து போயும் செத்தாரா?"

"ஆமாங்க. போகப் போக அது சுவரைத் தடிச்சுக்கிடுச்சு. மருந்து வெளியவே நின்னுடுச்சு."

அவர் சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். "மூணு மாசமா காலையில எழுந்ததும் அந்தம்மாவைத் திட்டிட்டுத்தான் பல்லே தேய்ப்பேன். அது ஒரு பிடிப்பா இருந்துச்சு. இப்ப நான் யாரைத் திட்டறது?"

"என்னைத் திட்டுங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க என்ன பண்ணீங்க? அதுக்குச் சோறு போட்டீங்க, அவ்வளவுதானே" என்றார். அதைவிடத் திட்டியிருக்கலாம். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றேன். வந்த முதல் பஸ்ஸில் ஏற முடியவில்லை. டிரைவர் சீட்டில் இருந்தவர் என்ன என்பது போலத் தலையாட்டினார். அடுத்ததில் வருகிறேன் என்று கையால் காட்டினேன்.

ஜூலை 17, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணிக்குப் பதில். குற்றச்சாட்டு விலக்கிக்கொள்ளப்படுகிறது, பதிவேட்டிலிருந்து நீக்கப்படுகிறது, வருந்துகிறோம். ராஜினாமா முறைப்படி ஏற்கப்பட்டுவிட்டதாலும் அந்த இடம் நிரப்பப்பட்டுவிட்டதாலும் மீண்டும் சேர்க்க வழியில்லை.

ஏற்கப்பட்டது ஜூன் பதின்மூன்று. எனக்குத் தெரிந்தது மே பதினாலு. இடையில் முப்பது நாள். அந்த முப்பது நாளில் ஒரு நாளை யாராவது எனக்குத் திருப்பித் தருவார்களா?

அண்ணி கடிதத்தை இரண்டாக மடித்து அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தாள். "நல்ல பேரு திரும்ப வந்துச்சே, அது போதும்" என்றாள் அண்ணனிடம். அவன் என்னைப் பார்க்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

கட்டுரை ஏற்கப்பட்டது. ஆறாம் எண் இல்லை. அதற்குப் பதில் என் தட்டுச் சோதனை ஒரு படமாக இருக்கிறது, நடந்த தவறு என்று தெளிவாகச் சொல்லி. ஆய்வகத்தில் புது நோட்டு ஒன்று போட்டிருக்கிறேன், தட்டு மாற்றுவதை எழுதுவதற்கென்றே. எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே எழுதுகிறார்கள்.

ஆறாம் எண் குப்பி இன்னும் ஃப்ரீசரில் இருக்கிறது. எடுத்துப் போட்டுவிடலாம் என்று இரண்டு தடவை கதவைத் திறந்தேன். மூடிவிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நேற்றிலிருந்து காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. கண்ணை மூடினால் வளையம் வளையமாக வருகிறது.

காலையில் அண்ணி மாடிக்கு வந்தாள். டயாலிசிஸ் மையத்துக்குக் கிளம்புகிற அவசரம், கையில் தண்ணீர் டம்ளர். எத்தனை மாதம் கழித்து இந்த அறைக்குள் வருகிறாள்! நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். அந்தக் கை பட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

மாத்திரை அட்டையை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "பேரைப் படி."

படித்தேன்.

"தேதி பாரு. தாண்டலையே?"

"இல்லை."

என் கண்ணெதிரே பிரித்து உள்ளங்கையில் வைத்தாள். முழுங்கும் வரை நின்றாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"மணி பாத்துக்கோ."

"ஏழு அம்பது."

"எழுதி வெச்சுடு. நான் குடுத்தேன்னு."

"அண்ணி, எதுக்கு அதெல்லாம்..."

"எழுதிடும்மா."

கோபமாகச் சொல்லவில்லை. கிண்டலும் இல்லை. புது இடத்திலும் ஒவ்வொருவரிடமும் இப்படித்தான் செய்கிறாளாம், குட்டி சொன்னாள். டம்ளரை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

காலை 7.50. காய்ச்சல் மாத்திரை ஒன்று. அண்ணி கொடுத்தாள்.